வெளியே போகாத புத்தகம்

லுமிங்குக்கு வாய் கொஞ்சம் அதிகம். முப்பது வருடமாகக் கருவாடு விற்கிறவளுக்கு அது இல்லாமல் முடியாது. அந்த வாயைக் கவுன்சில் கூட்டத்தில் நகராட்சி வக்கீல் பல்லாடாவிடம் காட்டியபோதுதான் வினை வந்தது.

கடலோரச் சந்தையை இடித்துவிட்டு அங்கே ஓட்டல் கட்டப்போகிறார்கள். "இடத்த அரசாங்கமே எங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கு. எங்கம்மா சொல்லியிருக்கா," என்றாள் லுமிங்.

"உங்கம்மா சொன்னா சட்டமா? எந்த அரசிதழ், எத்தனாம் பக்கம்? பதினஞ்சு நாளுக்குள்ள கொண்டு வா."

கவுன்சில் கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மறுநாளே ஜீப்னி வண்டி ஏறி இலோய்லோ நகரத்திலுள்ள மாகாண நூலகத்துக்குப் போனாள். கருவாட்டு வாடைக்கு வாசல் காவலாளி மூக்கைச் சுளித்தான். அதிலிருந்து தினமும் கலமான்சி என்ற குட்டி எலுமிச்சங்காயைத் தேய்த்துக் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். நூலகர் எஸ்தர் பழைய அரசிதழ்த் தொகுதிகளை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றின் கடைசியிலும் அகரவரிசைப் பட்டியல் இருந்தது. 'சந்தை' என்ற தலைப்பின் கீழ் அவள் ஊர் மட்டும் இல்லை. பதினோரு நாளில் நாற்பது தொகுதி பார்த்தாயிற்று.

"விட்டுடுங்கக்கா. இருந்தா இந்நேரம் கிடைச்சிருக்கும்," என்றார் எஸ்தர்.

"இல்லன்னு அந்தாளு முன்னாடி போய் நிக்கச் சொல்றீங்களா? மாட்டேன்."

பன்னிரண்டாம் நாள் மதியம், நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவளுக்கு உறைத்தது. அம்மா காலத்தில் அங்கே ஏது சந்தை? மணலில் பாய் விரித்து மீன் காயப்போட்டார்கள். பெரிய அலை வந்தால் பாய் நனையும். எழுதிக் கொடுத்தவன் கண்ணுக்கு அது வெறும் கரைதானே. பாதிச் சோற்றோடு எழுந்தாள்.

"மேடம், 'கடற்கரை நிலம்'னு பாருங்க."

மூன்றாவது தொகுதியில் ஊர்ப்பெயர் அகப்பட்டது. 'மீன் உலர்த்துவோர், விற்போர் பயன்பாட்டுக்கென நிரந்தரமாக ஒதுக்கப்படுகிறது.' லுமிங் அழுதுவிட்டாள். அழுததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள்.

நகலைப் பார்த்த பல்லாடா அதைத் தள்ளிவிட்டார். "இது செல்லாது. அசலக் கொண்டு வா."

"அந்தப் புத்தகம் நூலகத்த விட்டு வெளிய வராது. நீங்க வாங்க. வரலன்னா, வக்கீல் பாக்கவே பயந்துட்டாருன்னு ரேடியோவுல சொல்லுவோம்."

பதினைந்தாம் நாள் அவர் வந்தார். காவலாளி அவர் பையை வாங்கி வைத்துக்கொண்டான். பேனாவுக்கு உள்ளே அனுமதி இல்லை. புத்தகம் கேட்கும் சீட்டை எப்படி நிரப்புவது என்று தெரியாமல் விழித்தார். தொகுதி எண்ணை லுமிங் மனப்பாடமாகச் சொன்னாள். மேசைகளில் சந்தைக்காரிகள் முப்பது பேர், ஆளுக்கொரு புத்தகத்தைத் திறந்து வைத்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அறை முழுக்கக் கலமான்சி வாசனை.

பல்லாடா படித்தார். மறுபடியும் படித்தார். "இதெல்லாம் எந்தக் காலத்து..." என்று குரலை உயர்த்தினார். எஸ்தர் உதட்டில் விரல் வைத்தார்.

"இங்க சத்தம் போடக் கூடாது வக்கீல் சார்," என்றாள் லுமிங், மெதுவாக. "எத்தனாம் பக்கம்னு கேட்டீங்களே, எழுதிக்கோங்க. பென்சில் நான் தரேன்."