அந்த ஆள் போட்ட பச்சைக் கோடு

பழைய வாஷிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பார்கள், கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார்கள், துரு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். நான் போனது பழிவாங்க. மெஷினும் தேவைப்பட்டதுதான், பொய் சொல்லவில்லை. அக்காவுக்கு மணிக்கட்டில் நரம்புக் கோளாறு, துணி பிழியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குன்றத்தூரில் அவள் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், ஷிப்ட் போகும் அத்தான், தினமும் ஒரு அண்டா துணி. நான் வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். எந்தக் கடையில் என்பதில் மட்டும் ஒற்றைக்காலில் நின்றேன். சேரப்பணஞ்சேரியில் மெயின் ரோட்டை ஒட்டிய கடை. அதை நடத்துவது யார் என்று அக்காவிடம் மூச்சுவிடவில்லை.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆள் எங்கள் லைன் சூப்பர்வைசர்.

நானும் அக்காவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பெண்கள் தங்கிய ஓர் அறையில் பாய் விரித்தவர்கள். இப்போது அந்தக் கம்பெனியே இல்லை, அதனால் பெயரும் வேண்டாம். டைரக்ட் டிரைவ் மெஷின் செய்தோம். அதாவது பெல்ட் கிடையாது, மோட்டார் நேராக டிரம்மின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது நடுவில் இருக்கும் ஒரே ஒரு பெரிய போல்ட். அந்த போல்ட்தான் என் வேலை. காற்றழுத்தத்தில் ஓடும் துப்பாக்கியை வைத்து முறுக்குவேன், அது 'டக்' என்று விட்டதும் பச்சை பெயின்ட் பேனாவால் போல்ட் தலையிலிருந்து கீழே இருக்கும் தட்டு வரைக்கும் ஒரு கோடு இழுப்பேன். முறுக்கியாகிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. பிறகு எப்போதாவது போல்ட் திரும்பினால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அடுத்து நின்றவள் அக்கா. நான் கோடு போட்ட மெஷினுக்குப் பின்மூடி போட்டு ஸ்க்ரூ அடிப்பது அவள்.

நான் இடது கைக்காரி. மற்றவர்கள் போடும் கோடு வலப்பக்கம் சாயும், என்னுடையது இடப்பக்கம் சாயும். "பீச்சாங்கையால போடாத, பார்க்க அசிங்கமா கீது" என்று அந்த ஆள் வாரத்துக்கு ஒரு தடவையாவது கத்துவான். போடா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அதே கையால் போடுவேன்.

ஒரு நாள் காலையில் காற்று அழுத்தம் இறங்கிப்போனது. துப்பாக்கி முக்கியது, முனகியது, போல்ட் பாதியோடு நின்றது. லைனை நிறுத்தணும் சார் என்றேன். "நீ போய் ஸ்டோர் ரேக்கத் தொடச்சு வை, விசிட்டர் வராங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றான். இரண்டு மணி நேரம் ரேக்கைத் துடைத்துவிட்டு வந்தால் காற்று சரியாகியிருந்தது, லைன் ஓடிக்கொண்டிருந்தது, எண்ணிக்கை குறையவில்லை. எப்படி என்று நான் யோசிக்கவில்லை. அப்போது எனக்கு வயது இருபது.

அடுத்த மாதம் மெஷின்கள் திரும்பி வர ஆரம்பித்தன. ஸ்பின் ஓடினால் கடகடவென்று ஆட்டம், உள்ளே போல்ட் லூஸ். காலை மீட்டிங்கில் மொத்த லைனையும் நிற்க வைத்து, என்னை முன்னால் கூப்பிட்டான். "வேல தெரியாத ஜென்மத்தையெல்லாம் லைன்ல நிறுத்தினா இப்படித்தான்" என்றான். நான் அன்றைக்கு அந்த இடத்திலேயே இல்லை என்றேன். "யாரு சாட்சி?" என்று கேட்டான். அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் கவனிக்கல சார்" என்றாள். அன்று சாயங்காலமே கேட்டில் என் கார்டை வாங்கிக்கொண்டார்கள்.

அக்காமேல் எனக்குக் கோபம் வரவில்லை, சத்தியமாக. அவள் தலை நிமிராமல் வேலை செய்கிறவள், பக்கத்தில் இடி விழுந்தாலும் ஸ்க்ரூவைத்தான் பார்ப்பாள். ஆனால் அவளும் என்னைத்தான் தப்பு சொல்கிறாள் என்பது அன்று ராத்திரியே தெரிந்தது. தலையைத் தடவிவிட்டு, "விடுட்டி, தப்பு எல்லாருக்கும் வரத்தான் செய்யும்" என்றாள். ஊரில் அம்மாவிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள், சின்னவ கொஞ்சம் அவசரக்காரி என்று. பிறகு எனக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, ஒரு பையன் பிறந்தான். எது நடந்தாலும் அந்த 'விடுட்டி' மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஆள் தன் வாயால், என் அக்கா காதில் விழும்படி, 'நான்தான் செய்தேன்' என்று சொல்ல வேண்டும்.

திரும்பி வந்த மெஷின்களைச் சரிபண்ணி அந்தக் காலத்திலேயே கம்பெனி ஆட்களுக்குச் சல்லிசாக விற்றிருந்தார்கள். இப்போது அவை பழசாகி இந்தச் சுற்றுவட்டாரக் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றை வாங்கி விற்கிறவன் அவனே என்று பழைய தோழி ஒருத்தி சொன்னபோது எனக்கு அன்று சோறே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அக்காவோடு நான் போனபோது கடையில் அவன் இருந்தான். தொப்பை விழுந்து, முடிக்குக் கருப்பு அடித்து. கல்லா மேஜையில் அவன் மனைவி. என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? லைனில் எங்களுக்குத் தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். நாங்கள் அவனுக்கு வெறும் ஸ்டேஷன் நம்பர்கள். அக்கா பார்த்தவுடன் கண்டுகொண்டாள். என் முழங்கையைக் கிள்ளி, "ஏட்டி, இது அவருல்லா? வா, வேற கடைக்குப் போவோம்" என்றாள்.

"இங்கதான் வாங்குதோம். நீ பேசாம நில்லுக்கா."

"இன்னாம்மா வோணும்?" என்று வந்தான்.

"டைரக்ட் டிரைவ். பழசா இருந்தாலும் பரவாயில்ல. முன்பக்கம் கதவு வச்சது."

"பரவால்லியே, வெசயம் தெரிஞ்சவங்களா கீறீங்க."

தெரியும்டா, நீ சொல்லிக்கொடுத்ததுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு வெள்ளை மெஷினைக் காட்டினான், கதவில் 'டைரக்ட் டிரைவ்' என்று பளபள ஸ்டிக்கர். உள்ளே கையை விட்டு டிரம்மைச் சுற்றினேன். அசல் டைரக்ட் டிரைவைக் கையால் சுற்றினால் மோட்டாரில் இருக்கும் காந்தம் லேசாகப் பிடித்துப் பிடித்து விடுவது விரலுக்குத் தெரியும். இது வழவழவென்று போனது, கூடவே ரப்பர் உரசும் சத்தம். "அண்ணே, இதுல பெல்ட் இருக்கு. ஸ்டிக்கர் மட்டும்தான் டைரக்ட் டிரைவ்" என்றேன். அவன் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவன் ஈயென்று இளித்து, பையன் மாத்தி ஒட்டிட்டான் என்றான். கடையில் பையனே இல்லை.

இரண்டாவது அசல்தான். டிரம்மின் உதட்டைப் பிடித்து மேலே தூக்கினேன், லொடக்கென்று ஆடியது. பேரிங் போய்விட்டது. மூன்றாவதை நகர்த்தச் சொன்னேன், பின்மூடியைக் கழற்றச் சொன்னேன், நடுவிலிருந்து கீழே துரு வழிந்த தடம், தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கியிருக்கிறது. வேண்டாம் என்றேன். கழற்றிய ஸ்க்ரூவையெல்லாம் அவன் திரும்ப மாட்ட வேண்டும். மே மாதம், தகரக் கூரை, வேர்வை அவன் மூக்கு நுனியில் தொங்கியது. ஒவ்வொரு மெஷினும் ஒரு ஆள் கனம். "இன்னும் உள்ள ஒண்ணு நிக்குதே, அதையும் எடுங்கண்ணே" என்று கேட்டபோது எனக்கு இருந்த ஆனந்தத்தைச் சொல்லி மாளாது. ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன்.

உள்ளே நின்ற அந்த நாலாவதின் பின்மூடியைக் கழற்றியதும் கிட்டே குனிந்து பார்த்தேன். போல்ட்டில் இரண்டு கோடுகள். ஒன்று சிவப்பு, சரிபண்ணியவர்கள் பிறகு போட்டது, ஒட்டியபடி ஒழுங்காக இருந்தது. இன்னொன்று பழைய பச்சை. போல்ட் தலையில் இருந்த பாதியும் தட்டில் இருந்த பாதியும் விரற்கடை விலகி நின்றன. முறுக்காமலே கோடு போட்டிருக்கிறார்கள், பிறகு முறுக்கியபோது விலகிவிட்டது. தட்டில் இருந்த பாதி வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இந்தக் கோடு ஏண்ணே உடைஞ்சிருக்கு?" என்று அப்பாவி மாதிரி கேட்டேன்.

அவனுக்குக் கதை சொல்ல ஒரு சாக்கு கிடைத்துவிட்டது. "அது பெரிய கதம்மா. நான் அந்தக் கம்பெனிலதான் சூப்பர்வைசரா இருந்தேன். லைன்ல ஒரு பொண்ணு இருந்துச்சு, சவுத்து பக்கம். சுத்தமா வேல தெரியாது. போல்ட்ட டைட் பண்ணாமலே கோடு போட்டுகினே இருந்துச்சு. நான்தான் புட்ச்சேன். இப்ப இது பக்காவா கீது, நீங்க பயப்படாம எடுத்துகினு போங்க."

அடப்பாவி! வியாபாரத்துக்குக்கூட என்னைத்தான் விற்கிறான். அவன் சட்டைப் பையில் விலை எழுதும் பேனா இருந்தது, பிடுங்கினேன். இடது கையால் அந்தத் தட்டில், அவன் கோட்டுக்குப் பக்கத்திலேயே, ஒரு கோடு இழுத்தேன்.

"அந்தப் பொண்ணு பீச்சாங்கைக்காரி சார். நீங்கதான் வாரா வாரம் திட்டுவீங்க. இந்தக் கோட்டப் பாருங்க, இதப் பாருங்க. இது எந்தக் கைக்காரன் போட்டது?"

'சார்' என்றதும் அவன் முகம் மாறியது. என்னைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், மேஜையில் இருந்த மனைவியைப் பார்த்தான். அவள் எழுந்து வந்து நின்றிருந்தாள்.

"ஏம்மா, அத்த இப்ப எதுக்கு... அன்னிக்கி காத்து இல்ல. மேலருந்து போன் மேல போன். நான் இன்னா பண்றது? எனக்கும் வூடு கீது, புள்ள கீது."

"அதெல்லாம் நான் கேக்கல சார். யாரு போட்டா?"

"நான்தாம்மா."

"சத்தமாச் சொல்லுங்க."

"நான்தான் போட்டேன். போதுமா?"

"அந்தப் பொண்ணுக்கு வேல போச்சா?" என்று அவன் மனைவி கேட்டாள். நான் போச்சு என்றேன். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் மேஜையில் உட்கார்ந்து பில் எழுத ஆரம்பித்தாள். இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு? மெஷினில் தண்ணீர் விட்டு ஒரு முழு ஸ்பின் ஓடவிட்டுக் கேட்டேன், சத்தமே இல்லை, அருமையான மெஷின். நாங்கள் செய்தது அல்லவா. கயிறு போட்டுக் குட்டி யானை வண்டியில் அவனையே ஏற்ற வைத்தேன்.

ரோட்டோரம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா கையைப் பிடித்து உலுக்கினேன். "கேட்டியாக்கா? உன் காதால கேட்டியா? இப்பவாவது நம்புதியா?"

அக்கா என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்தான் சொன்னாள். "நான் எப்பட்டி நம்பாம இருந்தேன்? அவரு கோடு போடுததப் பக்கத்துல நின்னு பாத்தவ நான்தான."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "அப்ப ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா ரெண்டு பேருக்கும் வேல போயிருக்கும். ஒருத்தியாவது நின்னாத்தான வீட்டுக்குப் பணம் போவும்? நீ சின்னவ, வேற எடத்துல சேந்துருவன்னு நெனச்சேன். சேந்துட்டல்லா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அவள் சம்பளத்தில்தான் அந்த வருஷம் ஊரில் அடுப்பு எரிந்தது, எனக்குத் தெரியும். ஆனால் அன்று ராத்திரி என் தலையைத் தடவினாளே, தப்பு எல்லாருக்கும் வரும் என்று, எல்லாம் தெரிந்துகொண்டே தடவினாளே. அம்மாவிடமும் சொன்னாளே. அந்த ஆள் ஒரு நாள் என்மேல் பழி போட்டான். இவள் ஏழு வருஷம் என்னை மன்னித்துக்கொண்டே இருந்தாள். அந்த நிமிஷம் அவளை அந்த ரோட்டிலேயே அடிக்கலாம் போல் கை பரபரத்தது.

டிரைவர் வண்டியைக் கிளப்பி, "குன்றத்தூர்ல எங்கம்மா எறக்கணும்?" என்று கேட்டார்.

"குன்றத்தூர் இல்லண்ணே. இருங்காட்டுக்கோட்டைக்கு விடுங்க, என் வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அக்கா ஜன்னல் பக்கம் வந்தாள். சண்டை போடப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். "சரிட்டி. நீயே வச்சுக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் வீட்டுக்குப் போக, ரோட்டைத் தாண்டிப் படப்பை பஸ்ஸுக்கு நிற்கப் போனாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அங்கேயே இறங்கி, மெஷினை அவள் வீட்டுக்கே கொண்டுபோயிருப்பேன். ஓரகடம் ஜங்ஷன் வரும்வரை வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்று வாயைத் திறந்து திறந்து மூடினேன். சொல்லவில்லை. மெஷின் என் வீட்டில்தான் இறங்கியது.