எங்கள் அடுப்படி வழியாகப் போன நடைவிழா

அம்மா தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்தாள். காலர் மட்டும். கை தைப்பவர் இடப்பக்கம், பொத்தான் வைப்பவர் வலப்பக்கம். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. மாலையில் கால் வீங்கிவிடும். டாக்டர் நடக்கச் சொன்னார்.

சும்மா நடப்பது அம்மாவுக்குக் கூச்சம். கடைக்குப் போவதுபோலக் காலிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

“தினமும் கடைக்குப் போறீங்க, ஒண்ணும் வாங்காம வர்றீங்க. கடைக்காரர் மேல கோபமா?”

“கால் வீக்கம். நடக்கச் சொல்லியிருக்காங்க.”

“இதைச் சொல்ல வேண்டியதுதானே! எனக்குச் சர்க்கரை. இருங்க, நானும் வரேன்.”

நடைவிழா தொடங்கியது இப்படித்தான். விழா மலரில் ‘சுகாதார விழிப்புணர்வு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். காலிப் பை பற்றி ஒரு வரிகூட இல்லை.

பிறகு அம்மாவோடு வேலை செய்தவர்கள் சேர்ந்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் சேர்ந்தார்கள். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஊரைச் சுற்றி வருவது என்று ஆனது. முந்தின மாலை அம்மா தையல் சாக்பீஸால் ரோட்டில் அம்புக்குறி போட்டு வைப்பாள். ஒரு வருடம் மழை பெய்து எல்லாவற்றையும் கழுவிவிட்டது. முன்னால் ஒருவர் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். போகிற வேகத்தைப் பார்த்தால் வழி தெரிந்தவர்போல இருந்தது. கூட்டம் அவர் பின்னால் போனது. அவருக்கு வழி தெரியும்தான். ரொட்டிக்கடையில் வேலை முடித்து வீட்டுக்குப் போகிறவர். அவர் வீட்டுக்குள் நுழைந்தார். அம்மாவும் நுழைந்தாள்.

“என்னங்க, யார்கூடவாவது சண்டை போட்டீங்களா? ஊரே பின்னாடி வருது!” என்றார் அவர் மனைவி.

“நான் யார் வம்புக்கும் போகலை. ரொட்டி கருகிடுச்சோ என்னமோ.”

“அண்ணே, வழி இதுதானே?” என்று அம்மா கேட்டாள்.

“வழியா? இது என் வீடும்மா!”

கூடம் நிரம்பிவிட்டது. பின்னால் இருந்தவர்கள் தள்ளியதில் திரும்ப இடமில்லை. அவர் மனைவிதான் பின்கதவைத் திறந்துவிட்டார். “வந்தது வந்தீங்க, இப்படியே அந்தத் தெருவுக்குப் போயிடுங்க. சேத்தை அப்புறம் கழுவிக்கறேன்.”

அடுத்த வருடம் இன்னொரு வீட்டில், “எங்க வீட்டுக்குள்ள எல்லாம் வர மாட்டீங்களா?” என்று கேட்டார்கள். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு வீடு. முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேற வேண்டும். கூட்டம் வரும் வீட்டில் வெள்ளையடிப்பார்கள், பீரோவை நகர்த்துவார்கள். ஒரு வீட்டில் மாமியார் நாற்காலியை விட்டு எழ மறுத்துவிட்டார். அத்தனை பேரும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இப்போது வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். போலீஸ் ரோட்டை மூடுகிறது. சக்கர நாற்காலி நுழையுமா என்று வாசலை அளக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. பின்வாசல் கிடையாது.

போன வருடம் அம்மாவின் இதயம் தளர்ந்துவிட்டது. கட்டிலிலிருந்து குளியலறைவரைதான் நடை. விழா நெருங்கும்போது சொன்னாள்:

“இந்த வாட்டி நம்ம வீட்டு வழியா வரட்டும்டி.”

“பின்னாடி சுவர்ம்மா.”

“கட்டடம் கட்டத்தானே படிச்சே? கொஞ்சம் இடிக்கவும் செய்.”

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வீடு விழுந்துவிடும் என்றார். அது காரணமில்லை என்று அம்மாவுக்குத் தெரியும். விடாமல் கேட்டதும் உடைத்துச் சொன்னார்.

“உன்னை இந்தக் கோலத்துல ஊரே பாக்கணுமா?”

“அவங்க பாக்கலைன்னா போகுது. நான் அவங்களைப் பாக்கணும். அடுத்த வருஷம் முடியுமா, சொல்லுங்க.”

அப்பா எழுந்தார். அடுப்படிக்குப் போய்ச் சுவரில் தொங்கிய கரண்டிகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

மாடியின் எடை அந்தச் சுவரில்தான் இறங்குகிறது. புதிதாகத் துளைக்க முடியாது. ஆனால் ஜன்னலுக்கு மேல் ஏற்கெனவே லிண்டல் என்கிற கான்கிரீட் விட்டம் இருந்தது. எடையை அது தாங்கும். ஜன்னலை எடுத்துவிட்டு, கீழே இருக்கும் செங்கல்லைத் தரைவரை அறுத்தால் வாசல். ஒரே இடைஞ்சல், சமையல் மேடை.

“போகட்டும்,” என்றாள் அம்மா. “இத்தனை வருஷம் என்னை நிக்க வச்சது போதாதா?”

விழா அன்று கட்டிலைக் கூடத்தில் போட்டோம். காலையிலிருந்து கூட்டம் அவளைக் கடந்து போனது. ஒருவரையும் அவள் சும்மா விடவில்லை.

“என்னடி, இப்படி உடம்பு வச்சுட்டே? நடக்கறியா, படம் காட்டறியா?”

“தலைவரே, தொந்தி அப்படியே இருக்கே!”

“நாக்குதான்க்கா நடக்குது,” என்றார் விழாக் குழுத் தலைவர்.

கடைசி ஆள் போகும்வரை அம்மா கண்ணை மூடவில்லை. அப்பா அன்று முழுக்க மாடியில் இருந்தார்.

அடுத்த மாதம் இறந்துபோனாள்.

அம்மாவை அதே கூடத்தில்தான் கிடத்தியிருந்தோம். ஜனம் வந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட வீட்டில் வாசலில் நெரிசல் ஆகும். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் முட்டிக்கொள்வார்கள். அன்று ஆகவில்லை. முன்வாசலில் வந்தார்கள், அம்மாவைப் பார்த்தார்கள், அடுப்படி வழியாகப் போனார்கள். யாரும் வழி காட்டவில்லை. வரிசை நிற்கவே இல்லை.

பின்சந்து தரை தாழ்வு. அங்கே வைத்திருந்த படி தற்காலிகமானது, லேசாக ஆடும். அப்பா அந்தத் திறப்பின் பக்கத்தில் நின்றிருந்தார். போகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து இறக்கிவிட்டார்.

“பாத்து. படி ஆடுது. பாத்துப் போங்க.”