அளவு தெரியாத வீடு

என் நாத்தனார் ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். வெள்ளை விரிப்புகளுக்கும் நீராவிக்கும் நடுவே வெளுத்த முகத்தோடு, கால் தரையில் பாவாமல் மிதப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மேகம். கூப்பிட்டால், எங்கோ தொலைவில் இருந்துவிட்டு வந்தவள் போல மெல்லத் திரும்பிச் சிரிப்பாள். பகல் கனவுக்காரி என்று நானும் கேலி செய்திருக்கிறேன்.

மாதவிடாய் என்றால் அந்த வீட்டுப் பெண்களுக்குப் பத்து நாள் கொட்டும். மாமியாருக்கும் அப்படித்தானாம். "நம்ம உடம்பு வாகு அப்படி" என்று பெருமை வேறு.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நாத்தனாரிடம், இதற்காகக் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று ஒரு டாக்டர் நாள் குறித்துவிட்டார். அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள். என்னிடம் மட்டும், "ஒரே ஒரு குழந்தை போதும்னு நெனச்சிருந்தேன் அண்ணி" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி.

மாமியாரின் கவலையோ புதிதாக வந்த என் மேல். மூன்றாம் நாளே எனக்கு நின்றுவிடுகிறதே.

"ஏம்மா, உன் உடம்புல ரத்தமே இல்லையா?"

விடாப்பிடியாக வேறொரு பெண் டாக்டரிடம் என்னை இழுத்துப் போனார். எவ்வளவு போக வேண்டும் என்று தன் வீட்டுக் கணக்கை விவரமாகச் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க மருமகளுக்கு ஒண்ணும் இல்லம்மா. பொண்ணக் கூட்டிட்டு வாங்க."

ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு புரதம் நாத்தனாருக்குப் பிறவியிலேயே குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தது. தெரியாமல் கத்தி வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். ஒரு வார்த்தை விசாரிக்காமல் நாள் குறித்தவரை நினைத்து எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஹார்மோன் மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மாதங்கள் போகப் போக ரத்தப்போக்கு குறைந்தது, கன்னத்தில் நிறம் ஏறியது.

அடுத்த முறை டாக்டரிடம் அவளே வாய் திறந்தாள். "நான் குழந்தை பெத்துக்கலாமா?"

"தாராளமா. அப்போ இந்த ஹார்மோன் மாத்திரைய நிறுத்திடலாம். பிரசவத்தப்போ ரத்தம் நிக்கறதுக்கு மருந்து தயாரா வச்சிருப்போம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது. வெளியே வந்ததும் மாமியார் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அத்தை?"

"எங்க அக்கா பிள்ளை பெத்த அன்னிக்கு, ரத்தம் நிக்காமத்தான் போனா" என்றார். "விதின்னு சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்."