முப்பது நாள் இடைவெளி

மார்ச் ஒன்றாம் தேதி பூச்சிமருந்து தெளிப்போருக்கான திருத்தப்பட்ட உரிம விதிகள் நடைமுறைக்கு வந்தன. உரிம எண் 0417-க்கு உரியவருக்கு அப்போது வயது நாற்பத்தாறு. தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகள். முதுகில் எந்நேரமும் தொங்கும் தெளிப்பானால், தோட்டக்காரர்களுக்கு அவர் ‘பம்பு’.

புதிய விதிப்படி, முப்பது நாள் மருந்தைத் தொடாமல் இருந்தபின் இரத்தம் கொடுக்க வேண்டும். நரம்புகளுக்கு வேண்டிய நொதி ஒன்றின் அளவு அதில் தெரியும். அதுவே அவரவரின் இயல்பு அளவு. மருந்து உடலில் ஏற ஏற அந்த நொதி குறையும். பிந்தைய சோதனைகளில் அதிலிருந்து முப்பது விழுக்காடு குறைந்தால் வேலை நிறுத்தப்படும்.

பழத்தோட்டங்களில் பூச்சி பெருகும் பருவம் அது. ஒரு மாதம் சும்மா இருந்தால் தோட்டங்கள் வேறு ஆளைப் பிடித்துவிடும்.

மருந்தைத் தொடவில்லை என்று உறுதி கூறும் படிவத்தை மனைவி வாசித்தார். “நேத்துகூட மருந்து அடிச்சீங்களே? இதுல முப்பது நாள்னு போட்டிருக்கு.”

“போட்டவரே வந்து பூச்சிகிட்ட சொல்லட்டும், ஒரு மாசம் லீவு எடுத்துக்கோன்னு.”

“கிண்டல் வேணாம். பேனா பிடிக்கவே உங்களுக்குக் கை ஆடுது.”

“உன்னைப் பார்த்த பயம்டி.”

அவர் கையெழுத்திட்டார்.

மார்ச் ஒன்பதாம் தேதி, ஆய்வகப் பெண் சோதனையை இரண்டு முறை செய்தார். “அண்ணே, 4.2தான் வருது. மத்தவங்களுக்கு ஏழு, எட்டு இருக்கு. நிஜமாவே மருந்து தொடலையா?”

“மருந்துக்கடை வாசலைக்கூட மிதிக்கலைம்மா.”

“சிலருக்குப் பிறவியிலேயே கம்மியா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டு, இயல்பு அளவுக்கான கட்டத்தில் அவர் 4.2 என்று எழுதினார். ஐந்தாம் நாள் புதுப்பித்த உரிமம் வந்தது.

ஏப்ரலில் 3.9. மே மாதம் 3.5. இரண்டு முறையும் ‘தகுதி’ முத்திரை விழுந்தது. மே இறுதியில் அவருக்குப் பார்வை மங்கியது, சோறு தங்கவில்லை.

“டாக்டர்கிட்ட போலாங்க.”

“சர்க்காரே சீல் குத்தி, நான் நல்லா இருக்கேன்னு சொல்லுது. உனக்கென்ன சந்தேகம்?”

இம்முறை அவர் கிண்டல் செய்யவில்லை. முத்திரையை உண்மையிலேயே நம்பத் தொடங்கியிருந்தார்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி, மரவரிசைகளுக்கிடையே மூச்சுத் திணறிக் கிடந்தவரை, பழம் ஏற்ற வந்த லாரி ஓட்டுநர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். மருத்துவர் சோதனைக் கோப்பைக் கேட்டார்.

“முதல் நம்பரை நம்பாதீங்க டாக்டர். அதுக்கு முந்தின நாள்கூட மருந்து அடிச்சாரு” என்றார் மனைவி, கோப்பைக் கொடுத்தபடி.

அதன் கடைசிப் பதிவு: ஜூன் 10. அளவு 3.0. தகுதி. குறைவு 28.6 விழுக்காடு.