விரத நாள் மாத்திரைகள்

அண்ணாவின் கரமனை வீட்டில் காப்பி போடலாம் என்று டப்பாவைத் திறந்தேன். உள்ளே பொடி இல்லை. கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டியெடுத்த மாத்திரைகள், உறைகூடப் பிரியாமல், பாதி டப்பாவுக்குக் கிடந்தன. எல்லாம் மன்னியின் மாத்திரைகள்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. மன்னிக்கு, அண்ணாவின் மனைவிக்கு, ரத்தப் புற்றுநோய். அவள் உடம்பில் ஒரு நொதி, மூட முடியாத குழாய் மாதிரி, ஓயாமல் வெள்ளணுக்களைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரை அப்போதுதான் எங்கள் கைக்கு எட்டியிருந்தது. நானோ அதே ஊரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், அந்த மாத்திரை தோற்றால் கைகொடுக்கக்கூடிய இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த மிதப்பில், “சாப்பாட்டோடதான் போட்டுக்கணும், வெறும் வயித்துல தொடவே கூடாது” என்று மன்னியிடம் ஆயிரம் தடவை சொன்னவள் நான்தான்.

ஒன்றரை வருஷம் நன்றாக இருந்தாள். பிறகு வெள்ளணுக்கள் ஏறத் தொடங்கின. நொதி உருமாறி மருந்துக்குத் தப்பிவிட்டது என்று நினைத்துப் பேய் பிடித்தவள் மாதிரி உழைத்தேன். கண்ணாடித் தட்டில் என் சேர்மங்கள் புற்றணுக்களைக் கொன்றன. கூடவே நல்ல அணுக்களையும் கொன்றன. ஒருநாள் அந்தச் சேர்மங்களில் ஒன்றைச் சீசாவில் அடைத்துப் பையில் போட்டுக்கொண்டு கரமனைக்குப் பஸ் ஏறப் போனேன். ஆய்வுக்கூடத்தின் வாசலில் கால் வரவில்லை. திரும்பிப் போய் வைத்துவிட்டு அழுதேன்.

அதற்கடுத்த வாரம்தான் காப்பி டப்பா. மன்னியின் முன்னால் கவிழ்த்தேன்.

“இதெல்லாம் விரத நாளைக்குள்ளதாக்கும். சாப்பாட்டோடதான் போட்டுக்கணும்னு நீதானே சொன்னே? விரதத்தன்னிக்கு ஏது சாப்பாடு?”

திங்கட்கிழமை, ஏகாதசி, பிரதோஷம். மாதத்தில் ஏழெட்டு நாள் மருந்தே இல்லை.

“யாருக்காக மன்னி இத்தனை விரதம்?” என்று கத்தினேன்.

“உன் மருந்து பலிக்கணும்னுதான், கேட்டயா? நீ சோறு தண்ணியில்லாம அலையறயே.”

அதனால்தான் நோய் மிஞ்சியதா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டிப் பார்த்தார். மூன்றாம் மாதம் மன்னி போய்விட்டாள்.

நான் தேடிய மாதிரி மாத்திரைகள் இன்று கடையிலேயே கிடைக்கின்றன. கண்டுபிடித்தவர்கள் வேறு யாரோ. அந்த டப்பா என் சமையலறையில் இருக்கிறது, மாத்திரைகளோடு. மன்னி விரதம் இருப்பாள் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஒரு காலத்தில் அவளோடு ஒரே வீட்டில் வளைய வந்தவள்தானே. “அன்னிக்கும் ரெண்டு இட்லி தின்னுட்டுப் போட்டுக்கோங்கோ மன்னி” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நொதியைப் பற்றி அத்தனை பேசிய எனக்கு அது தோன்றவில்லை.