தொங்கும் சக்கரத்துக்கு ஒரு பட்டை

மணலில் இறங்குவதற்கு முன்னால் இங்கே டிரைவர்கள் வண்டியை நிறுத்தி, நாலு டயரிலும் இருக்கிற நல்ல காற்றைப் பாதிக்கு மேல் திறந்துவிடுகிறார்கள். ஓமானுக்கு வந்த முதல் வாரம் அதைப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது. சித்தூரில் காற்று இறங்கின டயரோடு வண்டியை எடுத்தால், தெருவில் போகிறவன்கூடக் கைகாட்டி நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் போவான். இங்கே காற்று நிறைய இருப்பதுதான் குற்றம், சக்கரம் புதைந்துவிடும். ஊரில் கற்ற தொழில் இங்கே அப்படியே செல்லாது என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எட்டு வருட மெக்கானிக் என்ற திமிர் விடவில்லை.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே எழுபதுகளில் ஓடிய ஜீப்புகளை ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எட்டுப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேர், மேலே ஏர்பேட்டு நிலக்கடலை மூட்டை, பின்னால் தொத்திக்கொண்டு இரண்டு பேர். எங்கள் ஷெட்டில் இருந்த ஒரே பயம் பளு. ஸ்பிரிங் அமுங்கும், ஒடியும். சக்கரம் தரையை விட்டுத் தொங்கும் என்கிற நினைப்பே யாருக்கும் கிடையாது. அத்தனை ஜனத்தைச் சுமந்துகொண்டு எந்தச் சக்கரம் எழும்பும்? அதனால் ஸ்பிரிங்கில் எந்த வேலை செய்தாலும் ஜாக்கியை இறக்கி, வண்டியை மண்ணில் உட்காரவைத்து, நாலு பேரை உள்ளே ஏற்றிவிட்டுத்தான் கடைசி முறுக்கு. "நேல மீத பெட்டி பிகிஞ்சு" என்று ஷெட் முதலாளி தெலுங்கில் கத்துவார். தரையில் வைத்து முறுக்கு என்பதுதான் எனக்குத் தெரிந்த வேதம்.

பாலைவனத்தில் எண்ணெய் தேடும் கம்பெனி ஒன்றின் கேம்ப் எங்களுடையது. மணல்மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வண்டி ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அச்சு தன் பாட்டுக்குக் கீழே இறங்கும். அதைத் தடுக்க ஆளில்லாவிட்டால் ஷாக் அப்சார்பர் பிய்ந்துவிடும், பிரேக் குழாய் அறுந்துவிடும். இதற்காக மேனேஜர், ஓர் ஆங்கிலேயர், ஒரு பெட்டி நிறையக் கித்தான் பட்டைகளை வரவழைத்தார். ஒரு முனை வண்டியின் சட்டமான சேசிஸில், மறுமுனை அச்சில். அச்சு இவ்வளவுதான் இறங்கலாம் என்று பட்டை இழுத்துப் பிடிக்கும். அவர் படம் போட்டு ஆங்கிலத்தில் விளக்கினார். பாதிதான் புரிந்தது, முழுதாகத் தலையாட்டினேன். அவர் போனதும் பழக்கதோஷம், வண்டியைத் தரையில் இறக்கி, தண்ணீர் டிரம்களை ஏற்றி, அந்த நிலையில் அளவெடுத்தேன். பளு குறைந்தால் ஸ்பிரிங் எழும்பும், அதற்கு ஒரு சாண் இருக்கட்டும் என்று கண்மதிப்பில் கூட்டிவிட்டு முடுக்கினேன். சக்கரத்தைத் தொங்கவிட்டு ஒருமுறை பார்க்கத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் ஹமத் ஓட்டிப் போன வண்டி மணல்மேட்டில் உருண்டது. ஹமத் இந்த நாட்டுக்காரன், என் வயது. கூடப் போன சர்வேயருக்குக் கை முறிந்தது, இவனுக்கு நெற்றியில் தையல். வண்டியை இழுத்து வந்து போட்டதும் நான் அடியில் புகுந்து பார்த்தேன். பிரேக் குழாய் அறுந்திருந்தது. என் பட்டையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. நீளம் அதிகமாகிப்போய் அது இழுபடவே இல்லை. அடியிலேயே படுத்துக் கிடந்தேன், வெளியே வரத் தைரியம் இல்லை.

விசாரணையில் ஹமத் வேகமாக ஓட்டினான் என்றார் மேனேஜர். அவன் வலது கையைத் தூக்கி, "வல்லாஹி, மெதுவாகத்தான் போனேன்" என்று அல்லாமேல் ஆணையிட்டான். இந்த ஊரில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் எழுதிக்கொண்டார். அந்த வார முடிவில் வேலை போய்விடும் என்று ஹமத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

காணிப்பாக்கத்துக் குளத்தில் முழுகி, பிள்ளையார் முன்னால் ஒருவன் சத்தியம் செய்துவிட்டால் எங்கள் பக்கத்தில் வழக்கு முடிந்தது. பொய்யென்றால் சாமி பார்த்துக்கொள்ளும். மனிதன் மேற்கொண்டு கேட்கக்கூடாது. நாங்கள் மிஷன் கோயில்காரர்கள். சத்தியமே செய்யக்கூடாது என்று நைனா, என் அப்பா, கண்டிப்பார். ஆனாலும் எங்கள் வீட்டுச் சண்டையிலும் "காணிப்பாக்கம் வர்றியா?" என்று கேட்டால் பொய் சொன்னவன் வாய் அடைத்துவிடும். ஹமத் கையைத் தூக்கியதும் எனக்கு அந்தக் குளக்கரைதான் ஞாபகம் வந்தது. அவன் பங்கைச் சொல்லிவிட்டான். மிச்சம் என் தலையில்.

கேம்பில் சமையல் வேலை பார்த்த முனிரத்தினம் அண்ணன் எங்கள் பக்கத்து நகரி ஊர்க்காரர். அவரிடம் மட்டும் சொன்னேன்.

"நீ இன்னாத்துக்கு வாயத் தொறக்கற, சாமு? அவன் இந்த ஊர்க்காரன், எங்கனா பொழச்சிக்குவான். உன்ன ஏத்தி அனுப்பிட்டா தங்கச்சி கல்யாணம் நின்னு பூடும்."

"சத்தியம் பண்ணிக்கீறான், அண்ணா."

"பண்ணா இன்னா? நீ சர்ச்சுக்குப் போறவன். உனுக்கும் காணிப்பாக்கத்துக்கும் இன்னா?"

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். எனக்குப் படுத்த இடத்திலேயே பயம். நான் கோழை என்று எனக்கே தெரிந்துபோன மூன்று நாட்கள் அவை.

நாலாம் நாள் காலை மேனேஜரிடம் போய், "மை மிஸ்டேக், சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சிநேகிதனுக்காகப் பழியை ஏற்கிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கலாம். பாவி மனசு அதையும் ஒரு கணம் நினைத்தது. பிறகு அவரை ஒர்க்‌ஷாப்புக்கு அழைத்துப்போய், நான் பட்டை கட்டின இன்னொரு வண்டியை ஜாக்கியில் தூக்கினேன். அச்சு இறங்க இறங்க பிரேக் குழாய் விறைத்தது. பட்டை இன்னும் தொய்ந்துதான் கிடந்தது. குனிந்து வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லா வண்டியிலும் இன்றைக்கே மாற்று என்றார். ஹமத்தைக் கூட்டி வர ஆள் அனுப்பினார். என்னை ஏன் ஊருக்கு ஏற்றவில்லை என்று இன்றுவரை தெரியாது. இந்த முறை சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஷாக் அப்சார்பர் முழுதாக நீளுவதற்கு இரண்டு விரல் முன்னாலேயே பட்டை இழுத்துப் பிடிக்கும்படி கட்டினேன்.

மறுநாள் ஹமத் வந்தான். கேம்பில் எல்லாரும் பேசும் உருதுவில், அரைகுறையாக மன்னிப்புக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "நான் சத்தியம் பண்ணினபோது நீ பக்கத்தில் நின்றாய்" என்றான். பிறகு, "மூன்று நாள்" என்றான். முன்கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, "ஏறு" என்றான்.

அவன் உருண்ட அதே மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தினான். சரியாகக் கட்டினாயா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் கியர் போடவில்லை, காத்திருந்தான். எதற்கென்று எனக்குப் புரிந்தது. எந்தப் பெயரைச் சொல்வது? நைனாவின் கர்த்தர் சத்தியத்தைத் தடுத்தவர். காணிப்பாக்கத்துப் பிள்ளையாரை இவனுக்குத் தெரியாது. வலது கையைத் தூக்கி, "வல்லாஹி" என்றேன்.

ஹமத் ஆக்சிலேட்டரை மிதித்தான். உச்சியில் முன்சக்கரங்கள் மண்ணை விட்டன. சத்தியத்தை அவன் பாஷையில் சொல்லிவிட்டு, பயத்தை என் பாஷையில் முணுமுணுத்துக்கொண்டு, நான் கட்டிய பட்டைகளில் தொங்கியபடி, கீழே மண் வரட்டும் என்று காத்திருந்தேன்.