கண்ணாடியின் சரியான மையம்

ஜல்லி ஏற்றிய லாரியின் பின்னால் போனது என் தவறு என்று மகன் சொன்னான். செம்பட்டி சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகாமல் இருக்க வேண்டுமானால் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். அன்று காலை திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போய்ச் சேர்வதற்குள் பதினாறு லாரிகளை எண்ணினேன். தார்ப்பாய் மூடியவை இரண்டே இரண்டு. மூடாத பதினான்கில் ஒன்றிலிருந்து நெல்லிக்காய் அளவு கல் துள்ளி வந்து காரின் முன்கண்ணாடியில் அடித்தது. லாரிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்தான் ஆச்சரியம்.

நான் நில அளவைத் துறையில் முப்பத்தோரு ஆண்டு சங்கிலி இழுத்தவன். ஆகவே விரிசலை அளந்தேன். முதல் நாள் நான்கு சென்டிமீட்டர். மறுநாள் ஏழரை. ஆறாம் நாள் முப்பத்தொன்று. எதிர்வீட்டில் இருக்கும் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் நாள்தோறும் வந்து பார்த்து, நாள்தோறும் ஒரே வைத்தியத்தைச் சொன்னார்.

“சார், நகப்பூச்ச எடுத்து ரெண்டு பூச்சு பூசி விடுங்க. அப்படியே நின்னுரும். எம் மச்சான் வண்டிக்கு அதான் செஞ்சோம்.”

“மச்சான் வண்டி இப்ப எங்க இருக்கு?”

“அத வித்தாச்சுல்ல சார்.”

இவரிடம் முப்பது வருடம் ஊரே பணத்தைக் கொடுத்து வைத்திருந்தது.

இந்தக் காரை நான் கேட்கவில்லை. என் பழைய வண்டி ஒருநாள் எங்கள் வீட்டு வாசல் தூணில் உரசியது. தூணில் நான்கு அங்குலச் சுண்ணாம்பு போயிற்று, அவ்வளவுதான். பெங்களூரில் இருக்கும் மகன் அதைக் கேள்விப்பட்டு, பழையதை விற்றுவிட்டு இதை வாங்கி அனுப்பினான். இதில் கேமரா இருக்கிறதாம். முன்னால் யாராவது வந்தால் வண்டி தானாகவே நின்றுவிடுமாம். சாலையில் போட்ட வெள்ளைக்கோட்டை மிதித்தால் ‘கீங்’ என்று கத்துமாம். எனக்கு எழுபத்துநான்கு வயது. நில எல்லைக் கோட்டுத் தகராறில் ஊர்களையே பிரித்துவைத்த என்னைக் கோட்டுக்குள் போகச் சொல்ல ஒரு பெட்டி!

அன்றைக்கே அவன் ஒரு நிபந்தனையும் போட்டான். “அப்பா, அந்தக் கேமரா வேல செய்யிற வரைக்குந்தான் நீங்க ஓட்டணும். அது நின்னுச்சுன்னா சாவிய வாங்கிருவேன்.”

சாவி போனால் பஸ். புதன்கிழமைதோறும் நானும் மனைவியும் செம்பட்டியில் இருக்கும் அவள் அக்கா வீட்டுக்குப் போவோம். பஸ்ஸில் என்றால் அது கிளம்பும் நேரத்துக்கு நான் கிளம்ப வேண்டும். இந்த வயதில் எப்போது கிளம்புவது என்று முடிவு செய்யும் உரிமை ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதையும் ஒரு கண்டக்டரிடம் கொடுத்துவிட நான் தயாராக இல்லை.

கண்ணாடி மாற்றுகிறவர் வீட்டுக்கே வருவார் என்று மகன் ஏற்பாடு செய்தான். ஒன்பது மணி என்று சொன்னார்கள். வேன் வந்தது ஒன்பது இருபத்திரண்டுக்கு. இறங்கியவருக்கு நாற்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, மார்பில் கம்பெனிப் பெயர், சட்டையில் ஏழு பொத்தானுக்கு ஆறு. பழனிப் பக்கம் கீரனூர்க்காரராம். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு ஒருவரை அனுப்பியிருந்தார்கள். இன்னொருவர் வேறு வேலைக்குப் போய்விட்டாராம்.

வண்டியை வேப்பமரத்தடியில் நிழலாக நிறுத்தி வைத்திருந்தேன். வந்ததும் அதைத்தான் குறை சொன்னார்.

“ஏனுங்க சார், மரத்தடி வேண்டாமுங்க. பசை மேல எலை விழுந்துச்சுன்னா மழைக்கு உள்ள தண்ணி எறங்கிருமுங்க.”

நான் அரைமணி நேரமாக அங்கே உட்கார்ந்திருந்தேன். விழுந்தவை ஆறு இலைகள். ஆனாலும் வண்டியைப் போர்டிகோவுக்குள் விட்டேன். அவர் தார்ப்பாய் விரித்தார், வைப்பரைக் கழற்றினார், மெல்லிய கம்பி ஒன்றைக் கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவில் விட்டுச் சுற்றிச் சுற்றி இழுத்துப் பழைய பசையை அறுத்தார். தூக்கும்போது எதிர்வீட்டு மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவர் வாழ்க்கையில் உருப்படியாகத் தூக்கிய முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

நான் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். குறைகளை ஒரு தாளில் எழுதினேன். கையுறையை ஒருமுறை கீழே போட்டார். தண்ணீர் குடிக்க மூன்று முறை போனார். விளிம்பைச் சுற்றிக் கறுப்புப் பசையைத் துப்பாக்கியால் பிதுக்கி வரும்போது வலது மூலையில் கை நடுங்கிக் கோடு வளைந்தது.

“சார், கொஞ்சம் அந்தப் பக்கமா உக்காந்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க. பாத்துட்டே இருந்தா கை ஒரு மாதிரி ஆகுதுங்க.”

“வேல தெரிஞ்சவனுக்கு யாரு பாத்தா என்னய்யா?”

அவர் வளைந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினார். அதையும் தாளில் எழுதினேன். வேலை மொத்தம் இரண்டு மணி பத்து நிமிடம். நடுவில் பதினொரு நிமிடம் மட்டும் நான் உள்ளே போனேன், பேனாவில் மை தீர்ந்துவிட்டதால்.

முடிந்தது என்று நினைத்தால் முடியவில்லை. ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் சொருகிவிட்டு, கேமராவுக்கு மறுபடி பாதை காட்ட வேண்டும், நாலுவழிச் சாலையில் ஒரு சுற்றுப் போகலாம் என்றார். கேமரா என்றால் எனக்குத் தெரிந்தது முன்பக்க நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் உருண்டைதான். பார்க்கிங் செய்யும்போது அதன் படம் உள்ளே திரையில் தெரியும். கண்ணாடி மாற்றியதற்கு அதற்கு எதற்குப் பாதை காட்ட வேண்டும்? வேலையைப் பெரிதாகக் காட்டுவதற்கு ஒரு நாடகம் என்று நினைத்தேன். அவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பதினேழு கிலோமீட்டர் போய் வந்தேன். திரையில் பச்சை விளக்கு வந்ததும் குழந்தைக்குப் பல் முளைத்ததைப் போல அவர் சிரித்தார்.

போகும்போது ஒரு அட்டை கொடுத்தார். ஒன்பது கட்டளைகள். நாளை இந்நேரம் வரை கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது, ஒரு விரல் அளவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கழுவக் கூடாது. ஒன்பதாவது, ‘உணரி மண்டலத்தில் ஒட்டுப்பொருள் தவிர்க்கவும்’ என்றிருந்தது. அதை மேலாளருக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். இருவரும் சிரித்தோம். அந்த மனிதருடன் சேர்ந்து நான் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

வேன் போன பிறகு மனைவி வாசலுக்கு வந்தாள். அவள் கையில் தீர்த்தக் குப்பி.

“தண்ணி படக்கூடாதுன்னு போட்டிருக்கான்.”

“இது தண்ணியா?” என்று கேட்டுவிட்டுத் தெளித்தாள். ஐந்து சொட்டு. பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தாள். “ஏங்க, மாதா எங்க?”

பழைய கண்ணாடியில் இடது ஓரம் மாதா படம் ஒன்று ஒட்டியிருந்தது. உடைந்த கண்ணாடியோடு அதுவும் வேனில் போய்விட்டது.

“மாதாவ அந்தக் குப்பையோடயா அனுப்புனீங்க? இம்புட்டு நேரம் பக்கத்துலயே உக்காந்து என்னத்தப் பாத்தீங்க?”

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் கோயில் வாசல் கடையில் புதுப்படம் வாங்கினேன். ஒன்பது சென்டிமீட்டர் உயரம், ஏழு அகலம். இந்தமுறை ஓரத்தில் வேண்டாம், தலைக்கு மேலே நடுவில் இருக்கட்டும் என்றாள் மனைவி. இருபத்துநான்கு மணி நேரம் முழுதாக முடியும்வரை காத்திருந்து, கண்ணாடி நகராமல் இருக்க அவர் ஒட்டிவிட்டுப் போன டேப்பைப் பிரித்தேன். அளவுகோலும் நூலும் எடுத்து வந்தேன். கண்ணாடியின் மேல்விளிம்பு நூற்றுப்பதினெட்டு. பாதி ஐம்பத்தொன்பது. அந்தப் புள்ளியைக் குறித்துப் பார்த்தபோதுதான் அதைக் கண்டேன். கண்ணாடியின் மேற்புறம் முழுக்கக் கறுப்புப் பட்டை அடித்திருக்கிறார்கள். சரியாக நடுவில் மட்டும், உள்ளங்கை அளவு இடத்தில், பூச்சே இல்லை. வெறும் கண்ணாடி.

இந்த நாட்டில் ஒரு பட்டையைக்கூட முழுதாக அடிக்க ஆள் இல்லை. தாளில் பதினான்காவது குறையாக அதை எழுதிவிட்டு, வெளிப்பக்கமாக மாதா படத்தை அந்த ஓட்டையின் மேல் ஒட்டினேன். அதற்கென்றே வெட்டியதுபோல் பொருந்தியது. கம்பெனிக்காரன் விட்ட பிழையை ஒரு சர்வேயர் மறைக்க வேண்டியிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். “நேரா இருக்கு” என்றாள். நேராக இல்லாமல்?

புதன்கிழமை செம்பட்டிக்குக் கிளம்பி பைபாஸ் ஏறியதும் திரையில் ஆரஞ்சு நிறத்தில் எழுத்து வந்தது. முன்கேமரா வேலை செய்யவில்லை. வண்டியை நிறுத்தி, இறங்கி, நம்பர் பிளேட்டுக்கு மேலிருந்த உருண்டையை வேட்டி நுனியால் துடைத்தேன். எழுத்து போகவில்லை. நான்கு முறை துடைத்தேன். ஐந்தாவது தடவைக்குள் மகனிடமிருந்து போன் வந்துவிட்டது. இந்த வண்டிக்கு வயிற்றுவலி வந்தால் அவன் கைப்பேசிக்குத் தெரிந்துவிடும். எனக்கு வந்தால் தெரிவதில்லை.

“அப்பா, வண்டிய வீட்டுல விட்டுருங்க. சனிக்கிழம நான் வாரேன். சாவிய எடுத்து வையுங்க.”

வீடு திரும்பியதும் கம்பெனிக்குப் போன் செய்தேன். பதினான்கு குறைகளையும் எண் சொல்லி வாசித்தேன். பசை பூசும்போது கை நடுங்கிய ஆளைக் கேமராவைத் தொட விட்டது உங்கள் தவறு என்றேன். போனை எடுத்த பெண் குறித்துக்கொண்டதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஆள் வரும் என்றாள்.

வெள்ளிக்கிழமை அதே கீரனூர்க்காரர் வந்தார். இந்தமுறை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பு. முகத்தில் திருநீறு இருந்தது, சிரிப்பு இல்லை. வேனிலிருந்து இறங்கி, காரின் முன்னால் வந்து நின்று, ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

“சார், இந்தப் படம் யாருங்க ஒட்டுனது?”

“நான்தான். ஏன்?”

“இதுக்குப் பின்னாடிதானுங்க கேமரா இருக்குது. உள்ள கண்ணாடியோட ஒட்டி வெச்சிருக்கறேன். அது வெளிய பாக்கறதுக்குத்தானுங்க அந்த எடம் மட்டும் கறுப்பு இல்லாம இருக்கறது.”

கேமராவை அவர் பொருத்தியது, நான் மை தேடிக்கொண்டிருந்த பதினொரு நிமிடத்தில். அவர் நகத்தால் படத்தின் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் முழுதாக உரித்தெடுத்து, இரண்டு கையாலும் மனைவியிடம் கொடுத்தார். வண்டியைக் கிளப்பினார். ஆரஞ்சு எழுத்து அணைந்தது. மொத்தம் நான்கு நிமிடம். எதிர்வீட்டு மேலாளர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நான்கு நிமிடத்தையும் அவர் ஊரெல்லாம் சொல்ல நாற்பது நாள் போதாது.

“உணரி மண்டலமா சார்?” என்றார் அங்கிருந்தே.

கீரனூர்க்காரர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். மறுபடி வரவேண்டியதற்கு யார் காரணம் என்று அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று வேலை செய்தவர், மற்றது வாடிக்கையாளர். அடியில் என் விரலால் கையெழுத்துப் போட வேண்டும்.

“இது யாருக்குப் போகும்?”

“எங்க ஆபீசுக்கொண்ணு, உங்க பையன் நெம்பருக்கொண்ணு போகுமுங்க. அவரு பேருலதானுங்க புக்கிங்.” பிறகு, “எனக்கு இந்த மாசம் ஏற்கெனவே ஒரு புகார் விழுந்திருச்சுங்க” என்றார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

கெஞ்சியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சுகிறவர்களை எனக்குக் கையாளத் தெரியும், முப்பத்தோரு ஆண்டு அதைத்தான் செய்தேன். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அளந்து எழுதியதை மாற்றச் சொல்லி எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். நான் மாற்றியதில்லை. வாடிக்கையாளர் என்ற கட்டத்தை அழுத்தினேன். கையெழுத்து கோழிக் கிறுக்கலாக விழுந்தது. விரலால் போடுகிற கையெழுத்து அப்படித்தான் விழும்.

சனிக்கிழமை மகன் வந்தான். அந்தச் செய்தி அவனுக்கு வந்திருந்தது. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். “வாங்கப்பா, பெரியம்மாவப் பாத்துட்டு வந்துருவோம்.”

வாழ்க்கையில் முதன்முறையாக இடது இருக்கையில் உட்கார்ந்து செம்பட்டிக்குப் போனேன். மாதா படம் இப்போது பழைய இடத்தில், இடது ஓரத்தில், என் எதிரே. மகன் ஒரு கையால் ஓட்டினான். மறுகையால் திரையை நோண்டினான். கீங். லாரியை முந்தினான். கீங். அவன் ஆபீசில் யாரோ எங்கேயோ செய்த தப்பைப் பற்றிப் பேசினான். கீங். செம்பட்டியில் இறங்கும்போது சொன்னேன்.

“முப்பத்தொண்ணு.”

“என்னது முப்பத்தொண்ணு?”

“அது உன்னய வஞ்சது. என்னய ஒருநாளும் ஒம்பதுக்கு மேல வஞ்சதில்ல.”

மனைவி பின்னாலிருந்து, “ஆமாப்பா, உங்கப்பா ஓட்டுனா அது இம்புட்டுக் கத்தாது” என்றாள். என் பக்கம் பேச அவள் வாயைத் திறந்தது இந்த வருடம் இது இரண்டாவது முறை.

திரும்புகிற நேரம் வந்தபோது மகன் காரைச் சுற்றி வந்து இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான். சாவி வலது இருக்கையில் கிடந்தது.

திண்டுக்கல் வரும்வரை அவன் கைப்பேசியை எடுக்கவே இல்லை. என் கையையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தான். வண்டி என்னைப் பார்த்துப் பன்னிரண்டு முறை கத்தியது. வழக்கத்தைவிட மூன்று கூடுதல். ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் கை அப்படித்தான் ஆகும்.